ஒரே லாயத்தின் இரண்டு இளங்குதிரைகள்: செல்ட்டனம் 2022-க்கு முந்தைய மதிப்பீடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில், கிளீவ் குன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ள செல்ட்டனம் பந்தயத் திடலில் மார்ச் மாதந்தோறும் நடக்கும் தடை தாண்டும் பந்தய விழா, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள லாயங்கள் அனைத்துக்கும் ஆண்டின் இலக்காக இருக்கிறது. 2005 முதல் நான்கு நாள்களாக நடைபெறும் இவ்விழாவில், அந்தப் பருவத்தில்தான் தடைப் பந்தயங்களில் வெல்லத் தொடங்கிய ‘நோவிஸ்’ குதிரைகளுக்கு மூன்று பெரிய பந்தயங்கள் உண்டு. முதல் நாளின் முதல் பந்தயமான சுப்ரீம் ஏறத்தாழ 2 மைல். இரண்டாம் நாளில் 2 மைல் 5 ஃபர்லாங் தூரத்துக்கு ஒன்று. இறுதி நாளில் ஏறத்தாழ 3 மைல் தூரத்துக்கு ஒன்று. ஓர் இளங்குதிரையிடம் இருப்பது வேகமா, தாக்குப்பிடிக்கும் வலுவா, இரண்டும் கலந்ததா என்ற கேள்விக்கு இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்துதான் பயிற்சியாளர் விடை சொல்கிறார்.

இந்த ஆய்வு 2021–22 பருவத்தில் லாம்போர்ன் பகுதியிலுள்ள ஒரே லாயத்தில், ஒரே பயிற்சியாளரின் பொறுப்பில், இரு வேறு உரிமையாளர்களுக்காகத் தயாரான கான்ஸ்டிட்யூஷன் ஹில், ஜான்பான் என்ற இரண்டு குதிரைகளைப் பற்றியது. அதே லாயம் 2016-இல் அல்டியோரையும் 2020-இல் ஷிஷ்கினையும் கொண்டு சுப்ரீம் பந்தயத்தை வென்றிருந்தது; ஆகவே அப்பந்தயத்துக்கு எத்தகைய குதிரை தேவை என்பதை அறிந்த இடம் அது. மனிதர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை. ஓட்டப் பதிவுகளும் பொதுவெளியில் கிடைக்கும் தகவல்களும் மட்டுமே இந்த ஆய்வுக்கு அடிப்படை.

வாங்கியபோது தெரிந்திருந்தவை

ஜான்பான் 2016-இல் பிரான்ஸில் பிறந்தது. 2015-இல் சுப்ரீம் பந்தயத்தை வென்ற டூவானுக்கு அது உடன்பிறப்பு. தந்தையும் தாயும் ஒன்றே. அயர்லாந்தில் கிராமப்புறத் திடல்களில் நடக்கும் ‘பாயின்ட்-டு-பாயின்ட்’ என்னும் தொழில்முறை சாராத பந்தயத்தில் 2020 நவம்பரில் வென்ற கையோடு ஏலத்துக்கு வந்து 5,70,000 பவுண்டுக்கு விலைபோனது. அடுத்த மார்ச்சில் நியூபரியில், தடைகள் இல்லாத ‘பம்பர்’ பந்தயம் ஒன்றையும் வென்றது.

2017-இல் பிறந்த கான்ஸ்டிட்யூஷன் ஹில்லுக்கு இப்படிப்பட்ட வரலாறு எதுவும் இல்லை. பிரிட்டனில் வளர்க்கப்பட்ட குதிரை. தந்தை புளூ பிரேசில். தன் ஒரே பாயின்ட்-டு-பாயின்ட் ஓட்டத்தில் அது இரண்டாவதாகத்தான் வந்தது. விலை 1,20,000 பவுண்டு. சிறிய தொகை அல்ல என்றாலும், அடுத்த கொட்டடியில் நின்ற குதிரையின் விலையில் அது கால் பங்கைக்கூட எட்டவில்லை.

ஏல விலையில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன: ரத்த உறவு, உடலமைப்பு, ஒரே ஒரு ஓட்டத்தின் முடிவு. பாயின்ட்-டு-பாயின்ட் பெரும்பாலும் 3 மைல் தூரம்; நான்கு வயதுக் குதிரைகள் அனுபவமற்ற எதிரிகளுடன், பயிற்சி முதிராத நிலையில் ஓடுபவை. அங்கே முதலாவதாக வந்ததற்கும் இரண்டாவதாக வந்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு, இரண்டு மைல் தூரத்தில் உயர்தரக் குதிரைகளுடன் மோதும்போது எதையும் உறுதியாகச் சொல்லிவிடாது. ஆனால் வெளியார் பார்வையில் அந்த விலை நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். டூவானின் தம்பி என்ற அடைமொழி ஜான்பானின் ஒவ்வொரு வெற்றிக்கும் கூடுதல் ஒளி ஏற்றியது. மறுபுறம், கான்ஸ்டிட்யூஷன் ஹில் லாயத்தில் சோம்பல் என்று சொல்லத்தக்க அளவுக்கு அமைதியான குதிரை என்று பயிற்சியாளரே வெளிப்படையாகச் சொல்லிவந்தார். காலைப் பயிற்சியில் துள்ளாத குதிரையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுத அதிகம் இருக்காது.

நவம்பர் முதல் ஜனவரி வரை கண்டவை

ஜான்பான் நவம்பர் இறுதியில் நியூபரியில் தன் முதல் தடைப் பந்தயத்தை வென்றது. டிசம்பரில் ஆஸ்கட்டிலும் ஜனவரியில் ஹேடாக்கிலும் இரண்டாம் தரப் பந்தயங்கள் (மிக உயர்ந்த முதல் தரத்துக்கு அடுத்த நிலை) இரண்டை வென்றது. மூன்றும் ஏறத்தாழ இரண்டு மைல் தூரம். இந்த வெற்றிகளைப் பற்றி நிதானமாகச் சொல்லக்கூடியது இதுதான்: மூன்று வெவ்வேறு திடல்கள், இடப்புறமும் வலப்புறமும் வளையும் தடங்கள், மூன்றிலும் தேவைப்பட்டபோது முன்னால் வந்து முன்னாலேயே நின்றது. இடைவெளிகள் பெரியவை அல்ல. ஆஸ்கட்டில் அதனிடம் தோற்ற கர்னல் மஸ்டர்ட் என்ற அயர்லாந்துக் குதிரை, பின்னர் செல்ட்டனம் விழாவில் கடும் போட்டி நிறைந்த கவுன்டி ஹர்டில் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. அந்த ஆஸ்கட் வெற்றியின் எடை அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

கான்ஸ்டிட்யூஷன் ஹில் ஓடியது இரண்டே முறை, இரண்டும் சாண்டவுனில். டிசம்பர் தொடக்கத்தில் தன் முதல் தடைப் பந்தயத்தை 14 குதிரை நீள இடைவெளியிலும், ஜனவரி 8 அன்று முதல் தரப் பந்தயமான டோல்வர்த்தை 12 நீள இடைவெளியிலும் வென்றது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த இரண்டாவது ஓட்டம்தான் முழு மதிப்பீட்டின் அச்சாணி. மழையில் கனத்துப்போன தரையில் மற்றக் குதிரைகள் ஒவ்வொரு தடைக்குப் பிறகும் கால்களை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தன. ஜாக்கிகள் முன்னால் குனிந்து தோள்களை அசைத்து, குதிரைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கான்ஸ்டிட்யூஷன் ஹில்லின் ஜாக்கி மட்டும் கைகளை மடக்கியபடி, கடிவாளத்தை இறுக்கமாகப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். முன்னிலைக்கு வந்த பிறகும் சவாரியாளரின் உடல் பெரிதாக அசையவில்லை. சாண்டவுனின் முடிவு மேடானது. களைத்த குதிரை அங்கே நடையை மாற்றிக்கொள்ளும். இந்தக் குதிரையின் நடை மாறவில்லை.

12 நீளம் என்ற எண்ணைவிட, அந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். கனத்த தரையில் பெரிய இடைவெளிகள் எளிதில் உண்டாகும். தோற்றவை நின்றுபோவதால் வென்றது பறப்பதுபோலத் தோன்றும். எனவே பொறுப்புள்ள மதிப்பீட்டாளர் அத்தகைய எண்ணைக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சவாரியாளர் எதுவும் கேட்காத நிலையிலேயே இடைவெளி கூடிக்கொண்டு போனால், குதிரையின் எல்லை இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றே பொருள். அந்த இரண்டு ஓட்டங்களிலும் கான்ஸ்டிட்யூஷன் ஹில் தன் எல்லையைக் காட்டவில்லை. ஜான்பானோ தன் எல்லை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஓரளவு காட்டியிருந்தது.

பார்க்கப்படாதவை

பிப்ரவரி வந்தபோது, இரு குதிரைகளைப் பற்றியும் இன்னும் தெரியாதவை பல இருந்தன. கான்ஸ்டிட்யூஷன் ஹில் அதுவரை ஓடிய இரு தடைப் பந்தயங்களும் வலப்புறம் வளையும் சாண்டவுன் தடத்திலேயே நடந்தவை. செல்ட்டனம் இடப்புறம் வளைவது. ஈரத் தரையில் மட்டுமே பெரிய வெற்றி பெற்ற குதிரை, மார்ச் மாதத்தின் உலர்ந்த, வேகமான தரையில் அதே மேன்மையைக் காட்டுமா என்பதற்குச் சான்று இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, முதல் தடையிலிருந்தே மூச்சுவிட இடமில்லாத வேகத்தில் எதிரிகள் ஓடினால் அது எப்படித் தாண்டும் என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை.

சுப்ரீம் ஓடும், செல்ட்டனத்தில் ‘பழைய தடம்’ என்று அழைக்கப்படும் பாதையில் குதிரைகள் மேட்டுக்கு ஏறி, பிறகு சரிவில் வேகம் கூடி இறங்கும்போதே தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கும். அதன்பின் இடப்புறம் திரும்பி, மீண்டும் மேடேறி முடிக்க வேண்டும். சரிவில் ஒரு தவறான தாண்டல் நேர்ந்தால் குதிரை சமநிலையை மீட்கக் கிடைக்கும் நேரம் சொற்பம். ஜான்பானுக்குத் தெரியாதது வேறு: தன்னைவிட வேகமான குதிரை ஒன்று அருகில் வந்து நின்றால் அதனிடம் மீதம் எவ்வளவு இருக்கும்? தோல்வியே காணாத குதிரைக்கு இந்தக் கேள்வியை யாரும் எழுப்பியிருக்கவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, ஜனவரிக்குப் பிறகு இரு குதிரைகளையும் மீண்டும் ஓடவிடாதது. கான்ஸ்டிட்யூஷன் ஹில் ஒன்பது வாரங்களுக்கு மேல் ஓய்விலும் பயிற்சியிலுமே இருந்தது. இரண்டே ஓட்ட அனுபவத்துடன் ஓர் ஐந்து வயதுக் குதிரையை விழாவுக்கு அனுப்புவது துணிச்சலானது. ஆனால் இடப்புறத் தடத்தில் ஒரு சோதனை ஓட்டம் வைப்பதால் கிடைக்கும் தகவலைவிட, குளிர்காலக் கனத் தரையில் இன்னொரு கடும் ஓட்டம் இளம் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் வலு அதிகம். ஐந்து வயதில் குதிரையின் முதுகெலும்பு வளர்ச்சி முழுமையாக முடிந்திருக்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பொறுமை எனக்குச் சரியாகவே படுகிறது.

இரண்டாவது முடிவு, இரண்டையும் பிரிக்காமல் ஒரே பந்தயத்தில் இறக்கியது. ஒன்றைச் செவ்வாய்க்கிழமை இரண்டு மைல் தூரத்துக்கும் மற்றதைப் புதன்கிழமை நீண்ட தூரத்துக்கும் அனுப்பினால் லாயத்துக்கு இரண்டு வெற்றிகள் கிடைக்கலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். அயர்லாந்தின் பெரிய லாயம் ஒன்று அப்படித்தான் செய்தது: முந்தைய ஆண்டு விழாவின் பம்பர் பந்தயத்தில் முதல் இரு இடங்களைப் பிடித்த தன் குதிரைகளில், கில்க்ரூட்டைச் சுப்ரீமுக்கும் சர் கெர்ஹார்ட்டைப் புதன்கிழமைப் பந்தயத்துக்கும் அனுப்பியது. லாம்போர்ன் லாயம் அவ்வாறு பிரிக்காததற்கான காரணத்தை ஓட்டப் பதிவே சொல்கிறது. இந்த லாயத்துக்கு வந்த பிறகு இரு குதிரைகளும் இரண்டு மைல் தூரத்தை விட்டு வெளியே போனதில்லை, இரண்டின் பலமும் வேகத்திலேயே வெளிப்பட்டிருந்தது, உரிமையாளர்கள் வெவ்வேறு. ஒருவரின் குதிரைக்கு வழிவிடுவதற்காக மற்றவரின் குதிரையைப் பழகாத தூரத்துக்குத் தள்ளுவதற்குக் குதிரை சார்ந்த நியாயம் எதுவும் இல்லை. லாயத்தின் வசதிக்கு மேலாக ஒவ்வொரு குதிரையின் தேவையையும் தனித்தனியே வைத்துப் பார்த்த இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

தரையும் ஒரு பங்கு வகித்தது. செவ்வாயன்று தரை ஓரளவு உலர்ந்தே இருந்தது. புதன்கிழமை நாள் முழுவதும் மழை கொட்டி, தடம் சேறாயிற்று. அதே லாயத்தின் ஷிஷ்கின் அன்று பெரும் எதிர்பார்ப்போடு இறங்கி, பந்தயத்தை முடிக்காமலே நிறுத்தப்பட்டது. வானிலையை முன்கூட்டியே கணித்து எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் விழாவின் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே களம் எவ்வளவு மாறக்கூடும் என்பதை அந்த வாரம் தெளிவாகக் காட்டியது.

மார்ச் 15

வயது வேறுபாடு இருந்தும் இரண்டும் சுமந்தது ஒரே எடை: 11 ஸ்டோன் 7 பவுண்டு, அதாவது சுமார் 73 கிலோ. டைசார்ட் டைனமோ என்ற அயர்லாந்துக் குதிரை தொடக்கத்திலிருந்தே கடும் வேகத்தில் முன்னோடியது. லாயத்தின் இரு குதிரைகளும் அதை விட்டுவிடாமல் பின்தொடர்ந்தன. கான்ஸ்டிட்யூஷன் ஹில்லைப் பற்றி எழுந்திருந்த கடைசிக் கேள்விக்கு, மூச்சுவிட இடமில்லாத வேகத்தில் எப்படித் தாண்டும் என்ற அந்தக் கேள்விக்கு, பந்தயம் ஏறத்தாழ உடனேயே விடை தரத் தொடங்கியது. தடையை நெருங்கும்போது அது குறு நடை போடவில்லை. உடலைத் தாழ்வாக வைத்து, தடையின் மேல் மிகக் குறைந்த நேரமே செலவிட்டு, இறங்கிய கணமே அடுத்த எட்டை எடுத்தது. வேகத்தில் ஓடிய மற்றவை தாண்டும்போது இழந்ததை, அது தாண்டும்போதே ஈட்டியது.

முடிவிலிருந்து மூன்றாவது தடையில் டைசார்ட் டைனமோ விழுந்தது. அதன் பிறகு பந்தயம் லாயத்தின் இரு குதிரைகளுக்கு இடையே என்று ஆனது. ஆனால் போட்டி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஜான்பானின் ஜாக்கி முயன்றுகொண்டிருந்தபோதே கான்ஸ்டிட்யூஷன் ஹில் அதைக் கடந்தது. கடைசித் தடையைச் சுத்தமாகத் தாண்டி, மேட்டில் விலகிச் சென்று 22 நீள இடைவெளியில் வென்றது. ஜான்பான் இரண்டாவது, கில்க்ரூட் மூன்றாவது. அன்று பிற்பகல் அதே தடத்தில், அதே தூரத்துக்கு, முதிர்ந்த குதிரைகளுக்கான சாம்பியன் ஹர்டில் நடந்தது. இளங்குதிரையின் நேரம் அதன் நேரத்தைவிடப் பல வினாடிகள் குறைவு. இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சாம்பியன் ஹர்டில் தொடக்கத்தில் நிதானமாகவே ஓடப்பட்டது. சுப்ரீமில் முன்னோடி ஒன்று முதலிலிருந்தே வேகத்தைக் கட்டிக்கொடுத்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சும் வேறுபாடு பெரிதுதான். அதிகாரபூர்வத் தரவரிசையாளர் அந்த ஓட்டத்துக்கு 170 என்ற மிக உயர்ந்த மதிப்பெண் அளித்தார்.

அதன் பின்

கான்ஸ்டிட்யூஷன் ஹில்லுக்கு அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அது சாம்பியன் ஹர்டிலை 9 நீள இடைவெளியில் வென்றபோது இரண்டாவதாக வந்தது ஸ்டேட் மேன். இந்தக் குதிரையின் பாதையும் இங்கே குறிப்பிடத்தக்கது. 2022 விழாவில் அதை உயர்தர நோவிஸ் பந்தயத்துக்கு அனுப்பாமல், தரத்துக்கேற்ப எடை சுமத்தப்படும் கவுன்டி ஹர்டிலுக்கு அனுப்பினார்கள்; குறைந்த அனுபவத்துடனே அது வென்றது; 2024-இல் சாம்பியன் ஹர்டிலையும் வென்றது. ஓர் இளங்குதிரையின் உச்சத்துக்கு ஒரே ஒரு பாதைதான் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மறுப்பு.

ஜான்பானைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்நிகழ்விலிருந்து கற்க வேண்டியதில் பெரும்பகுதி தோற்ற குதிரையிடமே இருக்கிறது. 22 நீளத் தோல்விக்குப் பிறகு, அதன் விலையைச் சுட்டிக்காட்டி அது மிகைப்படுத்தப்பட்ட குதிரை என்று சொல்வது எளிதாக இருந்தது. லாயம் அந்த முடிவுக்கு வரவில்லை. சில வாரங்களிலேயே அதை ஐன்ட்ரீ விழாவுக்கு அனுப்பியது. அங்கே அது முதல் தர நோவிஸ் பந்தயத்தில் எல் ஃபேபியோலோ என்ற குதிரையைக் கழுத்தளவு இடைவெளியில் வென்றது. அடுத்த பருவத்தில் உயர்ந்த வேலித் தடைகளுக்கு மாறியது. 2023 செல்ட்டனம் விழாவில் அதே எல் ஃபேபியோலோவிடம் இரண்டாவதாகத் தோற்றாலும், 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் சாண்டவுனின் டிங்கிள் க்ரீக் உட்படப் பல முதல் தரப் பந்தயங்களை வென்றது. அதாவது, மார்ச்சுக்கு முன் அதைப் பற்றிச் செய்த மதிப்பீடு பிழையானதல்ல. அது உயர்தரக் குதிரை என்று கணித்தார்கள். உயர்தரக் குதிரையாகவே இருந்தது. அன்று அதன் முன்னால் ஓடியது வேறொரு தரம்.

கான்ஸ்டிட்யூஷன் ஹில்லின் பிற்காலம் நேர்கோட்டில் செல்லவில்லை. 2024-இல் நோயால் விழாவைத் தவறவிட்டது. 2025-இல் செல்ட்டனத்திலும், ஐன்ட்ரீயிலும், நவம்பரில் நியூகாசிலிலும் தடைகளில் விழுந்தது. 2022-இல் அதற்கு வெற்றியைத் தந்த அதே தாழ்வான, வேகமான தாண்டலில் பிழைக்கு இடம் மிகக் குறைவு என்பது என் கணிப்பு.

அடுத்த முறை மாற வேண்டியவை

விழாவுக்கு முந்தைய மதிப்பீட்டுத் தாளில் பொதுவாக வெற்றிகள், இடைவெளிகள், எதிரிகளின் தரம் ஆகியவையே இடம்பெறுகின்றன. பார்க்கப்படாதவற்றுக்கும் அதே அளவு இடம் ஒதுக்க வேண்டும்: எந்தப் பக்க வளைவில் ஓடவில்லை, எந்தத் தரையைச் சந்திக்கவில்லை, எந்த வேகத்தில் தாண்டவில்லை. இந்நிகழ்வில் அந்த வெற்றிடங்கள் குதிரைக்குச் சாதகமாக நிரம்பின. இன்னொரு குதிரைக்கு அவ்வாறு நிரம்பாமல் போகலாம். அன்று முன்னோடிய டைசார்ட் டைனமோவும் அதற்கு முன் தோல்வி காணாத, பெரிதும் நம்பப்பட்ட குதிரைதான்.

ஏல விலை, முதல் தடைப் பந்தயம் முடிந்ததுமே தாளிலிருந்து நீக்கப்பட வேண்டும். கனத்த தரையில் கிடைத்த இடைவெளிகளைத் தனியே குறித்து, அதே நாளில் அதே தடத்தில் ஓடிய மற்றப் பந்தயங்களின் நேரத்தோடும் முதல் பாதி வேகத்தோடும் ஒப்பிட வேண்டும். அவ்வாறு செய்யாமல் சாண்டவுனின் 12 நீளத்தையும் ஹேடாக்கின் சிறிய இடைவெளியையும் ஒரே தராசில் வைத்தால் எந்தக் குதிரைக்கும் நியாயம் கிடைக்காது. தோல்விக்குப் பிறகான மதிப்பீட்டில், வென்றதிலிருந்து எத்தனை நீளம் என்பதோடு, மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தவற்றிலிருந்து எத்தனை நீளம் என்பதையும் எழுத வேண்டும். ஜான்பானை ஐன்ட்ரீக்கு அனுப்பும் முடிவை அந்த இரண்டாவது கணக்கே நியாயப்படுத்துகிறது.

கடைசியாக, தாண்டும் முறை. இளங்குதிரை வென்றால் தாண்டல் ‘நன்று’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அதற்குப் பதிலாக முதல் ஓட்டத்திலிருந்தே ஒவ்வொரு தடைக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: எவ்வளவு முன்னால் கிளம்பியது, எந்தப் பக்கம் சாய்ந்தது, கால் தடையில் உரசியதா, இறங்கியதும் வேகம் கூடியதா குறைந்ததா. வென்ற நாள்களிலும் அந்த வரிகளை விடாமல் எழுதிவர வேண்டும்.